வாய்க்காலுக்கு இரு பக்கமும் இரண்டு சட்டம்

ஊரில் ஏதாவது கொடூரமான குற்றம் நடந்து செய்தி வந்தால், நம் வார இறுதி விருந்துகளில் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சாம்பார் ஆறுவதற்குள் ஒருவர், "இவனையெல்லாம் தூக்குல போடணும் சார்" என்பார். இன்னொருவர், "மாநில அரசே ஒரு சட்டம் போட வேண்டியதுதானே? இங்க ஒவ்வொரு ஸ்டேட்டும் போடலையா?" என்பார். மூன்றாமவர், "அதெல்லாம் இந்தியாவுல நடக்காது. நாடு முழுக்க ஒரே சட்டம்தான். வெள்ளைக்காரன் காலத்துலேருந்தே அப்படித்தான்" என்று முடித்து வைப்பார். ரசம் வந்ததும் பேச்சு பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷனுக்குப் போய்விடும்.

மூன்றாமவர் சொல்வதில் இரண்டு விஷயம் சரியில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நாடு முழுக்க ஒரே சட்டம் இருந்ததில்லை. இன்றைக்கும் மாநிலங்கள் குற்றவியல் சட்டத்தைத் திருத்த முடியும், திருத்திக்கொண்டும் இருக்கின்றன. இதை விளக்க ஒரே ஒரு ஊர் போதும். நான் பிறந்து வளர்ந்த மட்டாஞ்சேரி.

கொச்சிக்குச் சுற்றுலா போனவர்களுக்கு மட்டாஞ்சேரி என்றால் யூதர் தெரு, ஏலக்காய் வாசனை, டச்சு அரண்மனை. (அந்த அரண்மனையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்ல, போர்ச்சுகீசியர்கள். 16-ம் நூற்றாண்டில் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள், பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள்.) அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சி. நடுவில் கல்வத்தி வாய்க்கால். இன்றைக்கு அந்தச் சிறு பாலத்தைத் தாண்டும்போது எதையோ தாண்டுகிறோம் என்ற நினைப்பே யாருக்கும் வராது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த வாய்க்கால் பக்கம்தான் இரண்டு நாடுகளின் எல்லை.

1795-ல் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அது முதல் ஃபோர்ட் கொச்சி 'பிரிட்டிஷ் கொச்சி' ஆனது. மெட்ராஸ் மாகாணம், மலபார் ஜில்லா. ஒரு வழக்கு மேலே மேலே போனால் நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வரும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டாஞ்சேரி, கொச்சி சமஸ்தானம். ராஜா, திவான், தனி போலீஸ், தனி ஜெயில், தனி நீதிமன்றம். திருநெல்வேலிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரி மிளகுக் கடைக்குக் கணக்கு எழுத வந்த என் தாத்தா இதை ஒரே வரியில் சொல்வார்: "பாலத்துக்கு இங்க மகாராசா, அங்க வெள்ளக்காரன். ரெண்டு பேருக்கும் தனித்தனியா பயப்படணும்டா."

சரி, கதைக்கு வருவோம்.

யாரை யார் தண்டிக்கலாம் என்ற கேள்வி மட்டாஞ்சேரியில் எவ்வளவு சூடானது என்பதற்கு 1791-ம் வருடம் சாட்சி. அப்போது ஆங்கிலேயர் இன்னும் வரவில்லை, கோட்டையில் டச்சுக் கம்பெனி. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பெரிய வியாபாரிகள் கொங்கணிகள். போர்ச்சுகீசியர் காலத்தில் கோவாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். ராஜாவின் மண்ணில் வசித்தாலும் பழைய உடன்படிக்கைகளின்படி டச்சுக் கம்பெனியின் பாதுகாப்பில் இருந்தவர்கள். கம்பெனியைக் கேட்காமல் ராஜா அவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பது டச்சுக்காரர்களின் வாதம். என் மண்ணில் இருப்பவனைத் தண்டிக்க யாரைக் கேட்க வேண்டும் என்பது ராஜாவின் வாதம். ராஜா யார் தெரியுமா? சக்தன் தம்புரான். பெயரே போதும், ஆளைப் பற்றி விளக்கம் வேண்டாம். இன்றைக்கும் திருச்சூரில் அவர் பெயரில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது.

தகராறு முற்றி, 1791 அக்டோபரில் ராஜாவின் ஆட்கள் கொங்கணிகளின் கடைகளைக் கொள்ளையடித்தார்கள். தேவரேச கிணி என்ற பெரிய வியாபாரி கொல்லப்பட்டார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. மிஞ்சியவர்கள் கோயில் மூர்த்தியையும் எடுத்துக்கொண்டு திருவிதாங்கூர் எல்லைக்குள் ஓடினார்கள். மூர்த்தி ஆலப்புழையில் இருந்துவிட்டுக் கொச்சிக்குத் திரும்பி வர அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. டச்சு கவர்னர் வான் ஏங்கல்பெக் கடுமையாக எதிர்த்தார், மோதல் வரைக்கும் போனது. ஆனால் அவர் கேட்டதும் கொங்கணிகளின் நியாயத்தை மட்டும் அல்ல. 'தண்டிக்கும் அதிகாரம் யாருடையது' என்ற கணக்கும் அதில் இருந்தது. குற்றவியல் சட்டத்தின் வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும் விஷயம். மேலே இரண்டு அதிகாரங்கள் சண்டை போடும், கீழே ஒரு குடும்பம் மூட்டை கட்டும்.

அடுத்தது அடிமை முறை. கொச்சி ராஜ்யத்திலும் மலபாரிலும் புலையர் போன்ற சாதியினர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். கோட்டைப் பக்கம் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். டச்சுக்காரர் காலத்தில் கொச்சியிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றி நன்னம்பிக்கை முனை வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பிறகு 1843-ல் ஆங்கிலேய இந்தியாவில் 5-ம் சட்டம் என்று ஒன்று வந்தது. சின்னச் சட்டம்தான். ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் சொத்து என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது, சுதந்திர மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ அதை அடிமைக்குச் செய்தாலும் குற்றம், அவ்வளவுதான் அதன் சாரம்.

இந்தச் சட்டம் கல்வத்தி வாய்க்கால் வரைக்கும்தான் வந்தது. கொச்சி சமஸ்தானத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1854-ல், திவான் சங்கர வாரியர் காலத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடமும், சட்டப் புத்தகத்தின்படி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒருவனுக்குச் சொத்தாக இருந்தவள் பாலம் தாண்டினால் மனுஷி. அதே உடம்பு, அதே நாள், அதே மழை. மாறியது கால் வைத்த மண் மட்டும்.

நமக்கு இது புதுசாகத் தோன்றலாம். ஆனால் பாரதியார் கதை எல்லோருக்கும் தெரியும்தானே? 1908-ல் அவர் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போனது ஏன்? பிரிட்டிஷாரின் ராஜதுரோகச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது என்பதால். எழுதியது அதே எழுத்து. இங்கே ஜெயில், அங்கே பத்து வருட வாழ்க்கை. மட்டாஞ்சேரி அப்படி ஒரு எல்லையைத் தன் தெருவுக்குள்ளேயே வைத்திருந்த ஊர்.

*

அப்படியானால் ராஜாவின் பக்கம் சட்டம் எப்படித்தான் இருந்தது?

பழைய மலையாள நாட்டு வழக்கப்படி தண்டனை சாதியைப் பார்த்து வந்தது. பிராமணருக்கும் பெண்களுக்கும் மரண தண்டனை கிடையாது. பிராமணன் பெரிய குற்றம் செய்தால் சாதியை விட்டு விலக்குவார்கள், நாடு கடத்துவார்கள். தாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட சாதிக்காரன் என்றால் சின்னக் குற்றத்துக்கும் உயிர் போகலாம். விசாரணை முறையும் விசித்திரம். கொதிக்கும் நெய்யில் கை விட்டு உண்மையை நிரூபிக்கும் 'கைமுக்கு' சுசீந்திரம் கோயிலில் 19-ம் நூற்றாண்டு வரை நடந்திருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரமேதான். அப்போது அது திருவிதாங்கூர்.

கொச்சியில் முறையான நீதிமன்றங்களை அமைத்தவர் கர்னல் ஜான் மன்றோ. பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்துகொண்டே 1812 முதல் 1818 வரை கொச்சிக்குத் திவானாகவும் இருந்தவர். அதற்கு முன்பு வரி வசூலிப்பவரே போலீஸ், அவரே நீதிபதி. அவருக்குப் பின்னால் திவானாக வந்தவர் கோயமுத்தூர்ப் பக்கத்து நஞ்சப்பய்யர். நம்மூர்க்காரர்கள் கொச்சியில் திவான் வேலை பார்த்தது பெரிய பட்டியல். கடைசிக் கால திவான்களில் ஒருவரான ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான் பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர்.

1862 ஜனவரி 1 முதல் ஆங்கிலேய இந்தியா முழுவதும் இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. மெக்காலேயின் நகல், இருபது வருடத்துக்கு மேல் தூசி படிந்து கிடந்து பிறகு சட்டமானது. ஃபோர்ட் கொச்சிக்கு அது அன்றே வந்துவிட்டது. மட்டாஞ்சேரிக்கு வரவில்லை. அதே சட்டத்தைத் தழுவி, தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, கொச்சி சமஸ்தானம் 1880-களில் சொந்தத் தண்டனைச் சட்டம் எழுதிக்கொண்டது. திருவிதாங்கூரும் தனக்கென்று ஒன்று வைத்திருந்தது. ஆக இன்றைய கேரளம் என்ற ஒரே நிலத்தில், மலபாருக்கு ஒன்று, கொச்சிக்கு ஒன்று, திருவிதாங்கூருக்கு ஒன்று என்று மூன்று தண்டனைச் சட்டங்கள்.

திருட்டு, கொலை எல்லாம் மூன்றிலும் குற்றம்தான். ஆனால் பிடிப்பது? மட்டாஞ்சேரியில் திருடியவன் பாலம் தாண்டிவிட்டால் அவன் வெளிநாட்டில் இருக்கிறான். சமஸ்தானம் கேட்டால் ஒப்படைப்பதற்கு 1903-ல் தனிச் சட்டமே இருந்தது. பிரிட்டிஷ் அரசின் அரசியல் பிரதிநிதி வாரண்டு கொடுக்க வேண்டும். இங்கே லண்டனுக்கு ஓடிப் போன தொழிலதிபர்களைத் திரும்பக் கொண்டுவர இந்தியா படும் பாட்டைச் செய்தியில் படிக்கிறோம் இல்லையா? அதன் குட்டி வடிவம், கூப்பிடு தூரத்தில்.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1925-ல் கொச்சியில் சட்டசபை வந்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எல்லோருக்கும் ஓட்டு இல்லை, சொத்தும் படிப்பும் பார்த்துத்தான். இருந்தாலும் தன் ராஜ்யத்தின் சட்டத்தைப் பற்றித் தன் ஊர்க்காரன் எழுந்து நின்று பேசும் இடம் ஒன்று இருந்தது.

*

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதற்கு மட்டாஞ்சேரியை விட்டுக் கொஞ்சம் தெற்கே, திருவிதாங்கூருக்குப் போக வேண்டும்.

1944-ல் திருவிதாங்கூர் மரண தண்டனையை ஒழித்தது. மகாராஜா சித்திரைத் திருநாள், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். இங்கிலாந்தில் தூக்கு இருந்தது. ஆங்கிலேய இந்தியாவில் இருந்தது. திருவனந்தபுரத்தில் இல்லை. இதை வைத்து சர் சி.பி.யைக் கருணை வள்ளல் ஆக்கிவிட வேண்டாம். இரண்டே வருடத்தில், 1946-ல், அதே ராஜ்யத்தில் புன்னப்புரா வயலாரில் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தூக்குக் கயிறு இல்லாத நாட்டில் துப்பாக்கி இருந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அழகாக எழுதிவிட்டால் அரசு அழகாகிவிடாது.

ஆனாலும் அந்தப் பக்கம் எழுதப்பட்டது உண்மை. அது எப்படிக் கிழிந்தது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானது. அடுத்த வருடம் ஃபோர்ட் கொச்சியும் மெட்ராஸிலிருந்து பிரிந்து இதனோடு சேர்ந்தது. வாய்க்கால் எல்லை ஒருவழியாக அழிந்தது. சட்டங்கள் மட்டும் பழையபடி தனித்தனி. பிறகு 1951-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. அப்போது திரு-கொச்சி, மைசூர், ஹைதராபாத் போன்றவை 'பி பிரிவு மாநிலங்கள்'. மத்திய சட்டங்களின் ஒரு நீண்ட பட்டியலை அந்த மாநிலங்களுக்கும் நீட்டிப்பது, அதற்குச் சமமான உள்ளூர்ச் சட்டங்களை ரத்து செய்வது, இதுதான் வேலை. 1951 ஏப்ரல் 1 முதல் அமல். (தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.)

அந்தப் பட்டியலில் இந்தியத் தண்டனைச் சட்டமும் இருந்தது. அதனோடு 302-ம் பிரிவு வந்தது. அதனோடு தூக்கும் வந்தது.

'திருவிதாங்கூரில் தூக்கு வேண்டுமா வேண்டாமா' என்று கேட்டுக் கொண்டுவந்த சட்டமல்ல அது. பதிவுச் சட்டம், சாட்சியச் சட்டம் என்று வரிசையாக வந்தவற்றின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. போனது ஒரு அரச பிரகடனத்தில். வந்தது ஒரு அட்டவணையில்.

மரண தண்டனை பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. தூக்கு இல்லாத 1945-1950-ல் அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பி வந்த 1950-1955-ல் 967. இந்த இரண்டு எண்களை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மக்கள்தொகை கூடியிருக்கும், எல்லை மாறியிருக்கிறது, அரசியல் கொந்தளிப்பு வேறு. ஆனால் 'தூக்கு இருந்தால் கொலை குறையும்' என்று மேசையைத் தட்டிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்காவது ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

1951-ஐ வெறும் நஷ்டக் கணக்காகவும் நான் எழுதவில்லை. சாதிக்கு ஒரு தண்டனை, ராஜாவின் விருப்பத்துக்கு ஒரு தண்டனை என்ற வரலாறு கொண்ட மண்ணில், அரசியல் சாசனத்தின் கீழ் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பது பெரிய காரியம். தேவரேச கிணியின் குடும்பத்துக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் மூட்டை கட்டியிருக்க வேண்டாம். ஒரே சட்டம் வந்தது நல்லது. அதன் மடியில் என்னென்ன வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் வந்ததுதான் கோளாறு.

*

இங்கே நியூ ஜெர்சியில் இருக்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நம்மில் பாதிப் பேர் டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போகிறோம். நியூ ஜெர்சி 2007 டிசம்பரில் மரண தண்டனையை ஒழித்தது. ஆற்றுக்கு அக்கரையில் அது இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2015 முதல் ஆளுநர்கள் நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாமும் தினமும் ஒரு கல்வத்திப் பாலத்தைத் தாண்டுகிறோம், சுங்கம் வேறு கட்டி!

இந்தியாவின் ஏற்பாடு வேறு. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் எழுதலாம், மாநிலமும் எழுதலாம். மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் மத்திய சட்டம்தான் நிற்கும். ஆனால் மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும். அரசியல் சாசனத்தின் 254-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு.

இந்த வாசல் வழியாகத்தான் சமீப வருடங்களில் மசோதாக்கள் வரிசை கட்டுகின்றன. 2019-ல் ஆந்திரத்தின் திஷா மசோதா, பிறகு மகாராஷ்டிரத்தின் சக்தி மசோதா, 2024 செப்டம்பரில் மேற்கு வங்கத்தின் அபராஜிதா மசோதா. மூன்றும் பெண்கள் மீதான கொடூரக் குற்றங்களுக்குப் பிறகு, மக்கள் கோபத்தின் சூட்டில், தூக்குத் தண்டனையை விரிவாக்கி நிறைவேற்றப்பட்டவை. மூன்றும் சட்டசபையைத் தாண்டியதோடு சரி, அமலுக்கு வரும் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் மாநிலத் திருத்தங்கள் செய்வது பற்றி ஆராய, தமிழ்நாடு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி எம். சத்யநாராயணன் தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2025 ஜனவரியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, தண்டனைகளைக் கூட்டும் திருத்த மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. அறிமுகம் ஒரு நாள், நிறைவேற்றம் மறுநாள்.

அந்தக் கோபம் நியாயமான கோபம். பெண் பிள்ளைகளைப் பெற்ற எவனுக்கும் அது புரியும். ஆனால் ஒரு நாளில் நிறைவேறும் மசோதாவை யார் படிக்கிறார்கள்?

படித்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொச்சியே இரண்டு உதாரணம் தருகிறது.

முதலாவது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். 1957-ல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை எல்லாம் அவர் கையில். பின்னால் உச்ச நீதிமன்றத்தில், 1970-களில், மரண தண்டனைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த மிக உரத்த குரல் அவருடையது. ஓய்வுக்குப் பின் 2014-ல் மறையும் வரை எர்ணாகுளத்தில்தான் வாழ்ந்தார். அப்படிப்பட்டவர் தலைமை வகித்த குழு ஒன்று 2011-ல் கேரள அரசிடம் ஒரு வரைவு மசோதா கொடுத்தது. பெண்கள், குழந்தைகள் நலனுக்கானது. அதற்குள் ஒரு பிரிவு: மூன்றாவது குழந்தை பெற்றால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் ஜெயில்! கேரளமே கொதித்தது. அது சட்டமாகவில்லை. சிறைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் பேசியவரின் குழுவிலிருந்தே இப்படி ஒன்று வரும் என்றால், மற்றவர்களின் மசோதாவை நாம் எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும்?

இரண்டாவது, கேரள போலீஸ் சட்டத்தின் 118-ஏ. 2020 நவம்பர் 21-ல் ஆளுநர் கையெழுத்திட்ட அவசரச் சட்டம். இணையத்தில் பெண்களை அசிங்கப்படுத்துகிறவர்களைத் தண்டிக்க என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். எழுதிய விதமோ, எந்த ஊடகத்தில் யாரை அவமதித்தாலும் மூன்று வருடம் வரை ஜெயில் என்று பத்திரிகைக்காரர்களையும் சேர்த்து வாரிக்கொள்ளும் அளவுக்கு அகலம். 2015-ல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை ரத்து செய்தபோது, அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் இதே மாதிரிப் பிரிவு ஒன்றும் ரத்தானது. அந்தப் பேய்தான் வேறு சட்டை போட்டு வந்தது. எதிர்க்கட்சி, பத்திரிகைகள், ஆளும் கூட்டணிக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். இரண்டே நாளில் முதல்வர் பினராயி விஜயன் இதை அமல்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த வாரமே திரும்பப் பெற்றார்கள்.

எதிர்மாறான உதாரணமும் உண்டு, அது நம்மைச் சுடும். 2022 அக்டோபரில் எலந்தூர் நரபலி வழக்கு வெளியே வந்தது நினைவிருக்கலாம். பலியான இரண்டு பெண்களில் ஒருவர் தர்மபுரி மாவட்டத்துத் தமிழ்ப் பெண். கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர். நமக்கு விசா இருந்தது, அவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. மந்திரவாதம், நரபலி போன்ற கொடுமைகளைத் தடுக்க நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான கேரளச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-லேயே மசோதா எழுதிக் கொடுத்திருந்தது. அந்தச் சம்பவத்துக்கு மூன்று வருடம் முன்பு! கொலைக்குத் தண்டனை ஏற்கனவே உண்டு. ஆனால் கொலை வரைக்கும் போவதற்கு முன்பே மந்திரவாதியைப் பிடிக்க ஒரு சட்டம் என்பதுதான் அதன் பயன். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அப்படிச் சட்டம் இருக்கிறது. கேரள அரசோ, அந்த மசோதாவை மேலே கொண்டு போவதில்லை என்று 2023-ல் அமைச்சரவை முடிவெடுத்ததாக 2025 ஜூனில் உயர்நீதிமன்றத்தில் சொன்னது. லாட்டரி விற்கும் தமிழ்ப் பெண்ணுக்காகச் சட்டசபையில் மேசை தட்ட யார் இருக்கிறார்கள்?

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஒரு குற்றவியல் சட்டம் சாதாரண மனிதனின் கைக்கு எட்டுவது அது மசோதாவாக இருக்கும்போது மட்டும்தான். சட்டமாகிவிட்டால் பிறகு வக்கீல், நீதிமன்றம், வருடக்கணக்கு. 1951-ல் திருவிதாங்கூர்க்காரனுக்கு அந்த அட்டவணையை வரி வரியாகப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. 2020-ல் கேரளத்தில் ஆயிரம் பேர் 118-ஏ-வைப் படித்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாம் ஓட்டை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் அப்பா, அம்மா, அக்கா பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சட்டங்களின் கீழ்தான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, தொகுதிக்கு எம்.எல்.ஏ. இருக்கிறார். தமிழ்நாட்டு சட்டசபை மசோதாக்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. அடுத்த மசோதா வரும்போது ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மாத்திரை சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்டு முடித்தபிறகு, அதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். யாரைக் காப்பாற்ற என்று சொல்லி எழுதியிருக்கிறார்கள், எழுதிய வார்த்தைகள் யார் யாரைப் பிடிக்கும், தண்டனையைக் கூட்டியதோடு விசாரணையை வேகப்படுத்த ஏதாவது செய்திருக்கிறார்களா என்று.

ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்று நகராட்சிகளும் 1967 நவம்பர் 1-ல் ஒரே மாநகராட்சி ஆயின. கல்வத்தி வாய்க்கால் இப்போது வெறும் வாய்க்கால். எல்லைக் கோடுகளைப் பற்றி நமக்கு அதிகம் கவலை இல்லாத காலம். கோட்டுக்கு உள்ளே என்ன எழுதுகிறார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.